தாய்வீடு எது?

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்டிருப்போம். வணிகர் குலத்துப் பெண் ஒருத்தி நிறைசூலியாக இருக்கிறாள். அவளுக்குப் பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து தாய் புறப்பட்டு வருகிறாள். வழியில் காவிரி பெருகிவிடுகிறது. அக்கரையில் தாய், இக்கரையில் நோவு கண்ட மகள். அப்போது இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து, அருகிருந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான், வந்திருந்தவர் யார் என்பது விளங்குகிறது.

எல்லாம் வல்ல இறைவன் நினைத்திருந்தால் காவிரியை வடியச் செய்திருக்கலாம். நோவே இல்லாமல் பிள்ளை பிறக்கவும் செய்திருக்கலாம். அவன் அவற்றைச் செய்யவில்லை. அருகில் வந்து அமர்ந்தான். பிள்ளை பெறும் பெண்ணுக்கு மற்றவர் செய்ய வேண்டிய கடமை யாது என்னும் கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடை இது என்று நான் எண்ணுவதுண்டு. ஆனால் அது முழு விடைதானா? அருகிருத்தல் மட்டும் போதுமா? 2023ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி என் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன். இராமகிருஷ்ணபுரத்தில் இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பில் வசிக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். என் தாயார் எங்களோடு இருக்கிறார். என் அக்காள் 2021இல் காலமாகிவிட்டாள். அவளுடைய ஒரே மகள் கணவனோடு நொய்டாவில் வாழ்கிறாள். எனவே இன்று அவளுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது தாய்மாமனாகிய என் வீடு ஒன்றே.

இரண்டாம் முறை கருவுற்றிருந்த அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். "மாமா, இந்தத் தடவை ஆஸ்பத்திரி வேண்டாம். உங்கள் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன். படித்த மருத்துவச்சிகள் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன்" என்றாள்.

என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டாள். நான் படித்தவன், ஆகவே உடனே கோபம் வந்தது. நிலவில் மனிதன் நடந்த பிறகு இப்படியும் ஒரு பேச்சா என்று கேட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. தன் முதற்பேற்றைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற முறைப்படி, 2019இல் அவள் ஊருக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். உள்ளே அழைத்துச் சென்றபின் அவளைச் சேர்ந்தவர் ஒருவரையும் அனுமதிக்கவில்லை. பதினொரு மணி நேரம் மல்லாந்து கிடத்தியிருந்தார்கள். வலி தாளாமல் கத்தியபோது, பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டபோது இது தெரியவில்லையா என்று ஏசினார்கள். சொல்லாமலே கத்தரித்தார்கள், தைக்கும்போதும் சொல்லவில்லை. என் அக்காள் வெளியே, செருப்புகள் கழற்றிவிடும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அத்தான் எனக்கு அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது: "தாயும் சேயும் நலம்." தந்தி இருந்த காலத்திலும் அதே மூன்று சொற்கள்தாம். தந்தி 2013இல் நின்றுபோன பிறகும் அந்தச் சொற்கள் நிற்கவில்லை. நானும் மகிழ்ந்து, அலுவலகத்தில் இனிப்பு வழங்கினேன். அந்த நலம் என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்று நான் கேட்கவில்லை. உயிர் இருந்தது, அது பொய்யன்று. ஆனால் உயிர் இருப்பதொன்றே நலம் ஆகுமா?

அவள் பேசி முடித்ததும், என் தாயார் மெல்ல எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தாயாருக்கும் ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் அதைப் பேசுவதில்லை. 1968இல் அவருடைய முதற்பிள்ளை வீட்டில்தான் பிறந்தது. ஆண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். ஆறாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. வாய் திறக்கவில்லை. தொட்டாலே உடம்பு விறைத்தது. எட்டாம் நாள் போய்விட்டது. ஊரில் அதை ஜன்னி என்றார்கள். தொப்புள்கொடி அறுத்த துருவேறிய அரிவாளின் வழியாகவும், மேலே வைத்த சாம்பலின் வழியாகவும் உள்ளே புகுந்த இரணஜன்னி அது என்பதைப் பிற்காலத்தில்தான் அவர் அறிந்தார். நாட்டில் எத்தனையோ தாய்மார் அப்படிப் பறிகொடுத்தார்கள். கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி, கொடி அறுக்கச் சுத்தமான அலகு ஆகிய இரண்டும் ஊர்தோறும் பரவிய பின்னரே, 2015இல் இந்தியா அந்த நோயைப் பெருமளவு ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அதே மருத்துவச்சியைத்தான் என் அக்காள் பிறந்தபோதும், நான் பிறந்தபோதும் என் தாயார் அழைத்தார். அந்த இரண்டு முறையும் சுகாதார நிலையத்துச் செவிலியிடம் ஊசி போட்டுக்கொண்டார். புதிய பிளேடு வாங்கித் தாமே கொதிநீரில் போட்டு வைத்தார். ஏன் அவளையே அழைத்தீர்கள் என்று அன்று கேட்டேன். "அவ கை நல்ல கைதான்டா. இரும்புதான் கெட்டது" என்றார்.

பிறகு அவர் சொன்னது என்னை மேலும் தலைகுனியச் செய்தது. அந்த மருத்துவச்சி நாவிதர் குடும்பத்துப் பெண். இரவெல்லாம் என் தாயாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தவள், என்னைத் தன் கையில் முதலில் ஏந்தியவள், விடிந்ததும் கொல்லைப்புற வழியாகத்தான் வெளியே போனாள். அவளுக்கு நெல்லும் பழஞ்சேலையும் முற்றத்தில் வைத்துக் கொடுத்தார்கள். நான் வடக்கே வந்த புதிதில், இங்கே மருத்துவச்சியைத் 'தாயி' என்பதைக் கேட்டு மகிழ்ந்தேன். நம் காதில் அது தாய் என்றே விழுகிறது அல்லவா? ஆனால் இங்கும் கொடி அறுப்பது தீட்டு என்று சொல்லி, அந்தப் பணியைத் தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பெண்களிடமே விட்டிருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். பழைய வீட்டுப்பேற்றைப் பொற்காலம் என்று பாடுவோர் இதையும் நினைக்க வேண்டும். அந்தக் கையை நாம் மதிக்கவில்லை. ஆகவே அதற்குக் கல்வியும் தரவில்லை. கல்வியில்லாத கையால் பிள்ளைகள் இறந்தபோது, கையையே பழித்தோம்.

மருத்துவமனையின் வரலாறும் மாசற்றதன்று. வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் 1840களில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பேறு பார்த்தனர். 1846இல் மருத்துவர் பிரிவில் 100க்கு 11 பேருக்கு மேல் இறந்தனர்; மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. பிணவறையில் உடலை அறுத்த கையைக் கழுவாமல் நேரே பேறு பார்க்க வந்ததே காரணம் என்பதைச் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் 1847இல் கண்டறிந்தார். சுண்ணாம்புக் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். இறப்பு விரைந்து குறைந்தது. தம் கையால் இறந்தார்கள் என்பதை ஏற்க மனமில்லாத பெரியவர்கள் அவரைப் பல்லாண்டு காலம் ஒதுக்கி வைத்தனர். எங்கள் ஊரில் கை நல்லது, இரும்பு கெட்டது. அங்கே கைதான் கெட்டது. சுவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அதற்காக மருத்துவமனை செய்த நன்மையை மறக்கலாமா? திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து வந்து, பேறு பார்க்கப் பெண் ஒருத்தி வேண்டும் என்று ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். மருத்துவரான அவருடைய தந்தை வர ஆயத்தமாக இருந்தும், ஆண் தொடக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் திரும்பி வந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியை நாடறியும். அந்த மூன்று பெண்களும் தங்கள் சொந்த வீட்டில், சொந்தக்காரர் நடுவில்தான் இறந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அண்மைக் கணக்கும் அதையே சொல்கிறது. 2005ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் 100 பேறுகளில் 39 மட்டுமே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 89 ஆயிற்று. ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் 2004-06இல் 254, 2018-20இல் 97. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் மருத்துவமனைக் கதவு திறந்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. மறுபக்கமும் உண்டு. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேறுகளில் 45 அறுவையால் நிகழ்ந்தவை. ஒரு நாட்டில் அந்த எண்ணிக்கை 100க்கு 10ஐக் கடந்தபின், மேலும் அறுப்பதனால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது.

இவற்றையெல்லாம் படித்த பிறகும் என் அச்சம் நீங்கவில்லை. 2018இல் திருப்பூரில், பயிற்சி பெற்றவர் எவரும் அருகில் இல்லாமல், காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்று, ஓர் இளந்தாய் இரத்தப்போக்கால் இறந்ததை நாம் செய்தியில் படித்தோம். நான் அதை அக்காள் மகளிடம் சொன்னேன். "மாமா, நான் தனியாக இருக்கவா கேட்கிறேன்? தனியாக விடாதீர்கள் என்றுதானே கேட்கிறேன்" என்றாள்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு வசதி உண்டு. கடினமான கோப்பு வந்தால் குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடலாம். இங்கே மேலே எவரும் இல்லை. முடிவு அவளுடையது, ஏனெனில் உடல் அவளுடையது, நோவும் அவளுடையது. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காகப் பேசுவது யார்? அதுவும் தாய்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. தன் பிள்ளைக்குத் தாயைவிட நாம் உற்றவர் என்று எண்ணுவது பெரியவர்களாகிய நம்முடைய செருக்கு. எனினும், அவள் சரியாக அறிந்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கும் கடமை எனக்கு உண்டு.

இங்கிலாந்தில் செய்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அதில் சிக்கல் இல்லாத தாய்மார் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தனர். முதற்பேற்றை வீட்டில் திட்டமிட்டவர்களுள், குழந்தைக்கு இறப்போ கடுமையான ஊறோ நேர்ந்தது 1000க்கு 9. மருத்துவமனையில் திட்டமிட்டவர்களுள் 5. ஏற்கெனவே பெற்றவர்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் தொடங்கி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள், முதற்பேற்றில் 100க்கு 45, அடுத்த பேறுகளில் 12. அங்கே வருபவர்கள் முறையாகப் பயின்ற மருத்துவச்சிகள். அழைத்தால் வண்டி வரும். மருத்துவமனை அவர்களை ஏசாமல் ஏற்கும். இந்த எண்களை நான் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே, தன்னிடமும் அந்தக் கணக்கு இருப்பதாகச் சொன்னாள்.

மருத்துவச்சிகள் இருவரும் என் வீட்டைப் பார்க்க வந்தார்கள். இருவரும் செவிலியர் படிப்பை முடித்து, அதன்மேல் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றவர்கள். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர்கள் வீட்டுப்பேற்றைப் புகழ்ந்து பேசவில்லை, நிபந்தனைகளையே பேசினார்கள். குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்க வேண்டும். 37 வாரம் நிறைந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தமும் இரத்தச் சத்தும் சரியாக இருக்க வேண்டும். மகப்பேற்று மருத்துவர் ஒருவரிடம் தொடர்ந்து காட்டி, மருத்துவமனையிலும் பெயர் பதிந்து வைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வீடு இல்லை. மூத்தவர் கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் புறப்படுங்கள் என்று சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. காரணத்தை வண்டியில் சொல்வேன்." அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்கு அவரிடம் நம்பிக்கை பிறந்தது.

ஆயத்தம் ஒரு மாதம் நடந்தது. உள்ளறையின் கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தினோம். என் மனைவி பழைய வேட்டிகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு மூட்டையாகக் கட்டினாள். அவளுடைய இரத்த வகையைச் சேர்ந்த அலுவலக நண்பர்கள் இருவரின் தொலைபேசி எண்களைக் கதவில் ஒட்டினேன். அவள் கணவன் இரவுதோறும் காரை தெருவை நோக்கி நிறுத்தி, சாவியை வாசல் ஆணியில் மாட்டினான். மருத்துவமனைக்கு இரவில் பதினைந்து நிமிட வழி; இருமுறை ஓட்டிப் பார்த்தோம். என் தாயார் செய்தது ஒன்றே. பிளேடு எங்கே என்று மருத்துவச்சியிடம் கேட்டார். உறை பிரிக்காத கருவிகளை அந்த அம்மையார் எடுத்துக் காட்டினார். என் தாயார் அந்த உறையை வெகுநேரம் கையில் வைத்திருந்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் மாதக் கடைசியில் ஓர் இரவு நோவு கண்டது. பதினொரு மணிக்கு மருத்துவச்சிகள் வந்து சேர்ந்தார்கள். அவள் படுக்கவில்லை. நடந்தாள், சுவரில் கை ஊன்றி நின்றாள், ஆச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். கால்மணிக்கு ஒருமுறையும், பிறகு அதைவிட அடிக்கடியும், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார்கள். நான் முன்னறையில் இருந்தேன். அவள் கத்தினாள், ஆனால் யாரும் அவளை ஏசவில்லை. "கத்துட்டி, நல்லா கத்து" என்று என் தாயார் சொல்வது கேட்டது.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். தெருவிளக்குத் தெரியவில்லை. தில்லியின் மூடுபனி இறங்கியிருந்தது. பதினைந்து நிமிட வழி இனி எத்தனை நிமிடம் என்று யாரால் சொல்ல முடியும்? காவிரி அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே பெருகிய கதை அப்போது கதையாகத் தோன்றவில்லை. மூத்த மருத்துவச்சியிடம் சொன்னேன். அவர் சோதித்துவிட்டு, பிறப்பு மிக நெருங்கிவிட்டது, இப்போது வழியில் இருப்பதைவிட இங்கே இருப்பதே பாதுகாப்பு என்றார். மூன்றரை மணியளவில் குழந்தை பிறந்தது. பெண். உடனே கொடி அறுக்கவில்லை. தாயின் மார்பில் கிடத்தி, சற்றுப் பொறுத்தே அறுத்தார்கள்.

அதன் பிறகுதான் எனக்குக் குரல்கள் மாறியது தெரிந்தது. நஞ்சுக்கொடி விழுந்தபின் இரத்தம் மிகுதியாகப் போயிற்று. ஏற்கெனவே போட்ட ஊசியோடு மறுபடியும் மருந்து செலுத்தினார்கள். ஒருவர் வயிற்றை அழுத்தித் தேய்த்தபடியே இருந்தார். "கார்" என்று ஒரு சொல் கேட்டது. நான் சாவியைக் கையில் எடுத்தேன். அந்தப் பனியில் அந்தச் சாவியோடு நின்ற சில நிமிடங்களை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பிறகு, இரத்தம் கட்டுப்பட்டது, வேண்டாம் என்றார்கள். விடிந்து பனி விலகியதும் மருத்துவரிடம் காட்டினோம். குறை ஒன்றும் இல்லை.

எல்லாம் நன்றாக முடிந்ததே, ஆகவே நாம் செய்தது சரிதான் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. நல்ல விளைவு, எடுத்த முடிவு நல்லது என்பதற்குச் சான்றாகாது. குடிபோதையில் வண்டி ஓட்டியவனும் சில நாள் வீடு வந்து சேர்கிறான். அந்த இரத்தம் நிற்காமல் இருந்திருந்தால், அந்தப் பனியில் நாங்கள் என்ன செய்திருப்போம்? எல்லா நிபந்தனைகளையும் எழுதினோம். பனியை எழுத மறந்தோம். அது எங்கள் குறை. அதே அளவுகோலால் 2019ஆம் ஆண்டையும் அளக்க வேண்டும். அன்றும் விளைவு நல்லதுதான். அதனால் அவளை ஏசியதும், அறியாமல் கத்தரித்ததும், தாயை வெளியே உட்கார்த்தியதும் நல்லவை ஆகிவிடுமா?

ஆகவே எல்லாரும் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்குக் கிடைத்த மருத்துவச்சிகள் பலருக்குக் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்தது என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாத தொகை. எங்கள் குடியிருப்பில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணும் தன் மூன்றாம் பிள்ளையைக் குடிசையில்தான் பெற்றாள். மற்ற இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு ஆள் இல்லை. அது தேர்வு அன்று, கதியின்மை. இரண்டையும் வீட்டுப்பேறு என்ற ஒரே பெயரால் அழைப்பது நேர்மையாகாது.

நான் கண்டது இதுதான்: உயிர்க்காப்பையும் மதிப்பையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள் என்று பெண்ணிடம் சொல்வது அறமன்று. அவளுக்கு இரண்டும் உரியவை. அருகிருத்தல் மட்டும் போதாது என்பதை 1968 எனக்குச் சொல்கிறது. அறிவு மட்டும் போதாது என்பதை 2019 சொல்கிறது. அரசும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. பேற்றறையில் மதிப்போடு நடத்துவதையும், உற்றவர் ஒருவர் உடனிருப்பதையும் 2017இல் தொடங்கிய இலட்சியா திட்டம் வலியுறுத்துகிறது. செவிலியருக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி தர 2018இல் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. ஏட்டில் உள்ளது நடப்பில் வர, கேட்பவர் வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் தாய் அக்கரையிலேயே இருக்கிறாள். ஆகவே நாமே கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணை மருத்துவமனையில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், உள்ளே அவளோடு யார் இருக்கலாம் என்று கேளுங்கள். சொல்லாமல் எதையும் செய்யமாட்டீர்களே என்று கேளுங்கள்.

அன்று காலை உறவினர்களுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். பழக்கத்தால் கை, தாயும் சேயும் நலம் என்று எழுதியது. என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்து, "ஆச்சி கூடவே இருந்தான்னும் போடு" என்றார். அப்படியே போட்டேன்.